தீர்ப்பு கிடைத்தால் மட்டும் போதாது. அது இன்றும் செல்லுமா என்று தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூர் நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உரிமையியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் நான். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்ற ஆண்டு ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். அவருடைய தந்தை 2001இல் காலமாகிவிட்டார். பூர்வீக நிலம் பாகம் பிரிக்கப்படாமல் அண்ணன்மார் அனுபவத்தில் இருக்கிறது. தமக்குரிய பாகத்தை அவர் கேட்டபோது, அண்ணன் மகன் இணையத்தில் தேடி எடுத்த தீர்ப்பு ஒன்றை அச்செடுத்துக் கொடுத்து, "அத்தை, உங்களுக்குப் பாத்தியதை இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்றாராம். அந்தத் தாள்களைப் பீரோவில் வைத்துவிட்டு, ஓராண்டுக்கு மேல் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்தத் தாள்களில் பொய் ஏதும் இல்லை. அது பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு வழங்கிய உண்மையான தீர்ப்பு. இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை உண்டு என்று அது சொல்கிறது. ஆனால் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்த உரிமை பிறப்பினால் வருவது, 2005இல் சட்டத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்து, பழைய தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பையே வைத்துப் பார்த்தாலும், தந்தையின் பங்கில் வாரிசு என்ற முறையில் மகளுக்கு ஒரு பகுதி உண்டு. பாத்தியதையே இல்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. தீர்ப்பைத் தேடி எடுத்தவர் அதை முழுமையாகப் படிக்கவுமில்லை, அதற்குப் பின் வந்ததைப் பார்க்கவுமில்லை.

நான் ஜூனியராக இருந்த காலத்தில், ஒரு தீர்ப்பைத் தேட வேண்டுமென்றால் மதுரைக்குப் பேருந்து ஏறி, சீனியரின் அலுவலகத்தில் ஏஐஆர் (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்), மெட்ராஸ் லா ஜர்னல் ஆகிய தீர்ப்புத் தொகுதிகளை மணிக்கணக்கில் புரட்ட வேண்டும். இன்று அந்தச் சிரமம் இல்லை. 2008இல் தொடங்கப்பட்ட இந்தியன் கானூன் தளத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உச்ச நீதிமன்றமே தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டை 2023 ஜனவரியில் இ-எஸ்சிஆர் என்ற பெயரில் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட தீர்ப்புகளும் இப்போது வெளியாகின்றன. சட்டங்களின் வாசகத்துக்கு இந்தியா கோட் தளம் இருக்கிறது. இவற்றை உருவாக்கியவர்களுக்கு என்னைப் போன்ற தாலுகா நீதிமன்ற வழக்கறிஞர்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆயினும், ஒரு தீர்ப்பு பின்னாளில் ரத்தானதா, மாற்றப்பட்டதா, வேறு வழக்கில் 'இந்த வழக்கின் சூழல் வேறு' என்று சொல்லி ஒதுக்கப்பட்டதா என்பதை அறிவதுதான் சட்ட ஆய்வில் கடினமான பகுதி. எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தளங்கள் இதைக் குறியிட்டுக் காட்டுகின்றன. இலவசத் தளத்தில் பார்ப்பவர், அத்தீர்ப்பை மேற்கோள் காட்டிய பிந்தைய தீர்ப்புகளின் பட்டியலைத் திறந்து, உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளை மட்டும் வடிகட்டி, புதியவற்றிலிருந்து பின்னோக்கிப் படித்துவர வேண்டும். பழகியவருக்கு இது அரைமணி நேர வேலை. இப்படி ஒரு வழி உண்டென்றே அறியாதவருக்கு அந்தப் பட்டியல் கண்ணிலேயே படாது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், குற்றவியல் வழக்குகளில் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், கொலை வழக்கைத் தேடுபவர் பழைய 302ஆம் பிரிவையும் புதிய 103ஆம் பிரிவையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் உடனே பதில் வந்துவிடும் என்று இளம் வழக்கறிஞர்கள் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். சாட்ஜிபிடி தந்த, உலகில் எங்குமே இல்லாத ஆறு தீர்ப்புகளை மனுவில் காட்டியதற்காக, நியூயார்க்கில் 2023 ஜூன் மாதம் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். எது சொன்னாலும் மூலத் தீர்ப்பைத் திறந்து படிக்காமல் நீதிபதி முன் வைக்கக் கூடாது.

என் வேண்டுகோள் இதுதான். மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், சட்ட ஆய்வுக்கென்றே சில கணினிகளை ஒதுக்கி, கட்டணத் தளம் ஒன்றுக்காவது நூலகத்தின் பெயரில் சந்தா செலுத்தி, தேடும் முறையைத் தமிழில் சொல்லித்தரப் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவரை அரசு அமர்த்த வேண்டும். தனியொரு தாலுகா வழக்கறிஞருக்குச் சுமையாக இருக்கும் சந்தா, ஒரு பொது நூலகத்துக்குச் சுமையாக இருக்காது. ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளை 2004 முதல் இயங்கிவரும் இந்த ஊரில், அரசு சட்டக் கல்லூரியும் இருக்கும் இந்த ஊரில், இதைப் பயன்படுத்த ஆளில்லாமல் போகாது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வழக்கறிஞர் சங்கங்களும் மாதம் ஒருமுறையாவது தங்கள் ஜூனியர்களுக்கு இதைக் கற்றுத்தர முன்வர வேண்டும்.

அந்த அம்மாவின் வழக்கில், 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் தொடாது என்பதால், அப்படிப் பதிவான பத்திரம் ஏதும் இருக்கிறதா என்று பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே வழக்குத் தாக்கல் செய்தோம். அது இப்போது நிலுவையில் இருக்கிறது. வேலை நாட்களில் பகல் முழுவதும் நாங்கள் நீதிமன்றத்தில் இருப்பதால், நூலகத்தில் நான் கேட்கும் வசதி மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிடைக்கும்படி அமைய வேண்டும் என்பதையும் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.