கிதார் மன்றம், புதுச்சேரி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊரருகே கரையைக் கடந்ததில் மன்றத்தின் இசைத்தட்டு அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்துவிட்டது. ஈர உறைக்குள்ளேயே இசைத்தட்டைக் காயவிட்டால் காகிதம் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை ஏறும். அதனால் தட்டுகளை உடனே உருவி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிமிர்த்தி உலர்த்தினோம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. அவை அரக்குத் தட்டுகள். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். மேசைக்குப் பாலிஷ் போடும் ஆசாரியைக் கேட்டாலே சொல்வார். நனைந்த கிதார்களை வெயிலில் வைக்கலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. சூட்டில் பசை இளகினால் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) பெயர்ந்து வரும்.

இனி, நாம் கேட்ட இசைத்தட்டுகள். ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் 1937 ‘மைனர் ஸ்விங்’ பதிவுக்கே அதிக நேரம் கொடுத்தோம். 1928 தீவிபத்தில் அவரது இடக்கை மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கின. தனி வாசிப்பு முழுக்க மற்ற இரு விரல்களில்தான். உறுப்பினர்களையும் அப்படியே வாசிக்கச் சொன்னோம். ஒரே இடத்தில் கையை நிறுத்தினால் சுரம் எட்டாது, கம்பியோடு மேலும் கீழும் ஓட வேண்டும். அவருடைய வேகத்தின் சூட்சுமம் அங்கே பிடிபட்டது.

அமெரிக்க ஜாஸ் கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியின் 1960 இசைத்தட்டு அடுத்தது. பிக் (மீட்டும் சிறு வில்லை) இல்லாமல் கட்டைவிரலால் மீட்டுகிறவர். அவருடைய ஆக்டேவ் வாசிப்பில், அதாவது ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளில் சேர்த்து மீட்டுவதில், எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள். ஆறாம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஜோடி, நான்காம் கம்பி 7ஆம் ஃப்ரெட். இடையில் இரண்டு ஃப்ரெட். நான்காம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்குப் போனால் மூன்று ஃப்ரெட் தள்ள வேண்டும், ஏனென்றால் மூன்றாம் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் இடையிலான சுருதி இடைவெளி மட்டும் அரைச்சுரம் குறைவு. ஜோடிக்கு இடையிலுள்ள கம்பியை ஆள்காட்டி விரலின் சதையால் அடக்காவிட்டால் அது தனியே கத்தும்.

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் பெல்ட் தளர்ந்து, பதிவோடு சேர்ந்து வாசித்தவர்களுக்குச் சுருதியே சேரவில்லை. வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்தால் அரைச்சுரம் இறங்கிவிடும். குற்றம் கிதாரில் என்று எண்ணிக் கம்பிகளைத் தளர்த்தியவர்களும் உண்டு. பெல்ட் மாற்றியாயிற்று.

இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவின் 1976 இசைத்தட்டைக் கேட்டபின், அதன் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்ளினின் கிதாரைப் போல ஃப்ரெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைந்து தரச் சிலர் கேட்டனர். வீணைக் கமகம் போலக் கம்பியை இழுக்க அது உதவும், உண்மை. ஆனால் சற்று அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். குடைந்த மரத்தைத் திரும்ப நிரப்புவதும் எளிதல்ல. மெல்லிய கம்பி போட்டு ஆறு மாதம் பழகிவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.

கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது படிப்பார்.