கடனோடு கடை போட இடமும் வேண்டி, சாலையோர வியாபாரிகள் அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பேருந்து நிலையச் சாலை தரைக்கடை, தள்ளுவண்டி வியாபாரிகள்
(கையொப்பங்களும் முகவரிகளும் இணைப்பில்)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014-இன்படி கணக்கெடுப்பு நடத்தி, விற்பனைச் சான்றிதழும் இடமும் ஒதுக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியதும் எங்கள் வியாபாரம் அடியோடு நின்றது. இன்று விற்ற காசில்தான் நாளைக்குச் சரக்கு எடுப்போம். அந்த முதலைச் சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் செலவழித்துவிட்டோம். மறுபடி கடை போடலாம் என்று அரசு சொன்னபோது பலர் கையில் எதுவும் இல்லை. தண்டல்காரரிடம்தான் போனோம். காலையில் 900 ரூபாய் வாங்கினால் ராத்திரி 1,000 கட்ட வேண்டும்.

அந்த நிலையில் 2020 ஜூனில் ஒன்றிய அரசு கொண்டுவந்த பி.எம். ஸ்வநிதி திட்டம் பெரிய உதவி. ஜாமீன் இல்லாமல் 10,000 ரூபாய் கடன், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், அப்புறம் 20,000, அதையும் அடைத்தால் 50,000. 2025 ஆகஸ்டில் இத்திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் தவணைக் கடனை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தியிருக்கிறார்கள். இதற்காக மனதார நன்றி சொல்கிறோம்.

ஆனால் கடனை அடைக்க, நின்று விற்க ஓர் இடம் வேண்டும். எங்களோடு தள்ளுவண்டியில் பழம் விற்கும் சகோதரி ஒருவர் முதல் கடனை அடைத்துவிட்டு இரண்டாவது கடன் வாங்கினார். கொய்யாவும் மாதுளையும் பெட்டி பெட்டியாக இறக்கிய சில நாட்களில் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று லாரி வந்தது. வண்டி, தராசு, பழப்பெட்டி எல்லாம் ஏறின. என்னென்ன எடுத்தார்கள் என்று ஒரு துண்டுச்சீட்டுகூடத் தரவில்லை. அலைந்து திரிந்து அவர் திரும்ப வாங்கியபோது கொய்யா அழுகி நீர்விட்டிருந்தது. தவணை மாதக்கணக்கில் நின்று, மானியம் போய், வங்கிக் கணக்கில் வாராக்கடன் என்றாகிவிட்டது. இப்போது மறுபடியும் தண்டல். இத்தனைக்கும், அவருடைய கடனுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்ததும் அதே நகராட்சி அலுவலகம்தான்.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். வியாபாரி கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு.

பேருந்து திரும்ப வழி வேண்டும், பிள்ளைகள் நடக்க நடைபாதை வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். மாறிப் போக மாட்டோம் என்று சொல்லவில்லை. ஆட்கள் வந்துபோகிற இடமாகக் கொடுங்கள் என்கிறோம். எங்களுக்குக் காட்டிய மாற்று இடம் பைபாஸுக்கு அந்தப் பக்கம். பொழுது சாய்ந்தால் விளக்கு கிடையாது, பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, வாங்க வருகிறவரும் கிடையாது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடியபோது அரசு சில நாட்களிலேயே திருமழிசையில் காய்கறிச் சந்தையை அமைத்தது. பல ஊர்களில் பேருந்து நிலையத்திலும் மைதானத்திலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, கடைக்குக் கடை இடம் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த வேகத்தில் பாதி இருந்தாலே எங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எனவே எங்கள் ஊரில் உடனே கணக்கெடுப்பு நடத்தி, புகைப்படத்துடன் விற்பனைச் சான்றிதழ் வழங்கி, விற்பனை மண்டலங்களை அறிவிக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். சாலையோர வியாபாரத்தைப் பற்றி ஊர் அளவில் முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைத் தேர்தல் வைத்து நிரப்ப வேண்டும். அதுவரை அப்புறப்படுத்தலை நிறுத்தி வைக்கவும், சரக்கு பறிபோனதால் தவணை தவறியவர்களுக்குக் கெடு நீட்டித்து அடுத்த கடன் கிடைக்க வங்கிகளிடம் பேசவும் வேண்டுகிறோம்.

தொற்றுக்குப் பிறகு நாடு எல்லோரையும் சேர்த்துக்கொண்டு வளர வேண்டும் என்று அரசுகள் சொல்கின்றன. அந்தக் கணக்கில் எங்களையும் சேர்த்து, எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தரைக்கடை, தள்ளுவண்டி வியாபாரிகள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், கடன் பரிந்துரைக் கடிதங்களின் நகல்கள்