வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவது யார்?

அன்புள்ள மகனுக்கு,

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். இரண்டாவது சரிக்கே உன் கவனம் வேறெங்கோ போயிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

நாம் எல்லோரும் புது ஊருக்குக் குடிபோவதற்காக நீ பார்த்து அனுப்பிய வீடுகளின் படங்களை எல்லோரும் பார்த்தோம். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் நீ முதலில் எழுதியிருந்தது அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம் என்பதைத்தான். அந்த வீட்டில் நீ விழித்திருக்கப்போவது காலையில் கொஞ்ச நேரம், ராத்திரி கொஞ்ச நேரம். பாட்டி 24 மணி நேரமும் இருப்பார். நானும் அப்பாவும் பெரும்பாலும் இருப்போம். உன் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்துவிடுவார்கள். ஏழு பேர் குடிபோகிற வீட்டை, அதில் குறைவாக இருக்கப்போகிறவனின் வசதியை வைத்துத் தேடினால் எப்படி? உன் பயணம் கால்மணி நேரம் கூடினால் கூடட்டும். உனக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது பாட்டியாக உன்னை நினைத்துக்கொண்டு போ. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. படுக்கையறையில் கட்டில் வரப்போகிற இடத்தில் நின்றுகொள். அங்கிருந்து கழிவறைக்கு நட. வழியில் எத்தனை தடவை திரும்ப வேண்டியிருக்கிறது, எங்கே கால் தட்டுகிறது, விளக்கின் ஸ்விட்ச் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறதா, இல்லை இருட்டில் நாலு எட்டு வைத்த பிறகுதான் கிடைக்கிறதா என்று பார். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பாட்டி அறுபதைத் தாண்டி எவ்வளவோ காலமாகிறது. உனக்குப் போதுமான வெளிச்சம் அவருக்கு இருட்டு. விழுவதால் மட்டும் உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு கணக்குச் சொல்கிறது. அதில் அறுபது தாண்டியவர்கள்தான் அதிகம். நர்ஸாக இருந்த நாளில் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. "எங்கே விழுந்தீர்கள்" என்று கேட்டால் பலர் சொல்வது கழிவறை வாசலைத்தான்.

குளியலறைக் கதவை அளந்து பார். கதவுப் பலகையின் அகலம் கணக்கில்லை. கதவை நன்றாகத் திறந்து வைத்து, பலகைக்கும் எதிர்ப்பக்க நிலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அள. 32 அங்குலம் இருந்தால் சக்கர நாற்காலி போகும். இன்றைக்கு நாற்காலி வேண்டாம், எனக்கும் தெரியும். நாளைக்கு வேண்டுமென்றால் சுவரை இடிக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? வாசலில் படிகள் இருந்தால் மொத்த உயரத்தையும் அளந்துகொள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்துக்காவது சாய்தளம் போட வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தள்ளுகிறவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. மூன்றடி உயர வாசலுக்கு முப்பத்தாறு அடி சாய்தளத்தை எங்கே போடுவாய்? அந்த வீட்டை அப்போதே விட்டுவிடு. கழிவறையில் கைப்பிடிக் கம்பியைச் சுவரில் துளை போட்டுப் பதிக்க அனுமதி உண்டா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே கேள். துண்டு போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், கம்பியும் சேர்ந்து கையோடு வரும்.

எடுத்த எடுப்பில் வீடு வாங்காதே. ஒரு வருஷம் வாடகைக்கு இருப்போம். மழையில் அந்தத் தெரு எப்படி இருக்கிறது, வெயிலில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எது பக்கத்தில் இருக்கிறது என்பதோடு, அங்கே ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். பக்கவாதம் வந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் சிடி ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். அதனால் நேரில் போய், ஸ்கேன் எந்த நேரத்திலும் எடுப்பார்களா, பக்கவாதத்துக்கு அங்கேயே மருத்துவம் உண்டா என்று கேட்டு வா. இல்லையென்றால் அது உள்ள ஆஸ்பத்திரி எது, ராத்திரியில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்துகொள். முகப்பில் எழுதியிருக்கிற பலகையை நம்பாதே.

மருந்து விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பாட்டியின் டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறேன். கம்பெனி வைத்த பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். பழைய ஈசிஜி தாள்களையும் தேடி எடுத்துவிட்டேன். நெஞ்சுவலி என்று போய் நிற்கும்போது புது டாக்டருக்கு அந்தப் பழைய தாள் பெரிய உதவி. இன்றைய கோடு இன்று மாறியதா, பல வருஷமாகவே அப்படித்தானா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். அப்பாவின் இன்சுலின் என் கைப்பையில்தான் வரும், லாரியில் போகாது. திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்காகப் பனிக்கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். உறைந்தது மறுபடி இளகினாலும் பயன்படாது. மூக்குக் கண்ணாடிச் சீட்டு, காது மெஷினுக்கு பேட்டரி, ஒரு மாதத்துக்குக் குறையாமல் மாத்திரை எல்லாமே அதே பையில்தான்.

அடுத்து ஆட்களைப் பற்றி. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வயதானவர்களை இடம் மாற்றினால் மனமும் உடம்பும் தடுமாறும் என்பதை நர்ஸாக இருந்த எல்லோரும் பார்த்திருப்போம். 1992-ல் அதை ஒரு செவிலியர் நோயறிதலாகவே, அதாவது நர்ஸே கண்டறிந்து கவனிக்க வேண்டிய பிரச்சினையாகவே, ஏற்றுக்கொண்டு பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டால், அதுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் விடியும்போது "இது யார் வீடு" என்பார். அதனால் பாட்டி கடைசியாக வரட்டும். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய அறை தயாராக இருக்க வேண்டும். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே கொண்டுவந்து உட்காரவைக்கக் கூடாது. இங்கே அவர் கட்டிலின் இடப்பக்கம் சுவர், வலப்பக்கமாக இறங்குவார். இறங்கியதும் வலது கை நாற்காலியைத் தேடும். அதன்மேல்தான் கைத்தடியும் தண்ணீர்ச் சொம்பும் இருக்கும். அங்கேயும் அப்படியே போடு. இடம் வலம் மாறிவிட்டால் அரைத்தூக்கத்தில் எழுந்து சுவரில் முட்டிக்கொள்வார். புது மெத்தை, புதுப் போர்வை என்று எதுவும் வாங்கிவிடாதே. பழையதுதான் வேண்டும்.

முதல் சில வாரம் குழப்பமாகப் பேசினால் பயந்துவிடாதே, "பாட்டிக்கு மறதி நோய் வந்துவிட்டது" என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஆனால் ஒன்று. நேற்று வரை நன்றாக இருந்தவர் சில மணி நேரத்திலோ ஒரே நாளிலோ அடியோடு மாறிவிட்டால், சாயங்காலமானால் பிதற்றல் கூடினால், பகலில் எழுப்ப முடியாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், அதை இடம் மாறிய குழப்பம் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றுவது, மாத்திரை ஒத்துக்கொள்ளாமை என்று காரணம் ஏதாவது இருக்கும். உடனே டாக்டரிடம் கூட்டிப் போ. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் நடந்தால் என்னைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதே.

அப்பாவை நினைத்தால்தான் எனக்குக் கவலை, பாட்டியை நினைத்தால்கூட இவ்வளவு இல்லை. இங்கே தெருவில் இறங்கினால் நாலு பேர் அவரை நிறுத்திப் பேசுவார்கள். அங்கே அவர் உன்னுடைய அப்பா, அவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதைவிட இது பெரிய இறக்கம் அவருக்கு. வாய் திறந்து சொல்லமாட்டார். "நீங்கள் சும்மா உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதே. வங்கி, ஓய்வூதியம், காப்பீடு, சமையல் எரிவாயு என்று முகவரி மாற்ற வேண்டிய இடங்கள் ஏராளம். அந்த வேலை முழுவதையும் அவரிடம் கொடுத்துவிடு. பெயருக்குக் கொடுத்துவிட்டு நீயே பின்னால் செய்துவைக்காதே, அது அவருக்குத் தெரிந்துவிடும். வேலையாக நாலு இடத்துக்கு அலைந்தால் நாலு பேர் பழக்கமாவார்கள்.

சின்னவனுக்கு எங்கே போனாலும் நாம் கூட இருந்தால் போதும். பெரியவள் அப்படி இல்லை. அவளுடைய உலகமே தோழிகள்தான், அந்த வயது அப்படி. "அங்கே போனால் புதுத் தோழிகள் கிடைப்பார்கள்" என்று நீ சொன்னதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிடைப்பார்கள்தான், ஆனால் இப்போது அதுவா அவளுக்கு வேண்டும்? இழப்பு இழப்புதான் என்று ஒப்புக்கொள். கோபப்பட்டால் படட்டும், நல்ல பிள்ளையாகச் சிரித்துக்கொண்டே வர வேண்டும் என்று எதிர்பார்க்காதே. பள்ளியை முடிவு செய்வதற்கு முன் அவளிடம் பேசு. நடுப்பருவத்தில் பிடுங்காமல் ஆண்டு முடிந்து சேர்க்க முடியுமானால், நானும் அவளும் அதுவரை இங்கேயே இருந்துகொள்கிறோம்.

1967-ல் ஹோம்ஸ், ராஹே என்று இரண்டு மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஓர் அளவுகோல் செய்தார்கள். துணையை இழப்பது 100, வீடு மாறுவது 20, பள்ளி மாறுவது 20. பயிற்சி வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு மறக்காமல் நின்றது வேறொரு வரி. மாமியார் வீட்டாரோடு வரும் தகராறுக்கு 29. வீடு மாறுவதைவிட அதிகம்! சிரிக்காதே, அவர்கள் கணக்கு சரிதான்.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் சமையலறை என்னுடையது, மருமகள் அனுசரித்துப் போனாள். புது வீட்டில் சமையலறை அவளுடையது. எந்த டப்பா எந்தத் தட்டில் என்று அவள்தான் அடுக்க வேண்டும். நான் முதல் வாரம் அந்தப் பக்கமே வருவதாக இல்லை. அவளிடமும் சொல்லிவிட்டேன், நம்பினாளா என்று தெரியவில்லை. உங்கள் இருவருக்கும் உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும், அது பாட்டியின் அறையை ஒட்டி இருக்க வேண்டாம். அவருக்கு ராத்திரி துணைக்கு நான் பக்கத்தில் இருந்துகொள்வேன். வாடகையில் எங்கள் பங்கு எவ்வளவு என்பதை லாரி ஏறுவதற்கு முன்னால் பேசிவிடலாம். "அம்மாவிடம் போய்க் காசு பேசுவதா" என்று நீ கூச்சப்படுவாய். பேசாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு பில்லை வைத்துக்கொண்டு பேச வேண்டி வரும், அப்போது பேச்சு இவ்வளவு சுமுகமாக இருக்காது.

பாட்டியிடம் நீயே பேசிவிடு. நாங்கள் சொல்லியாகிவிட்டது, ஆனால் அவர் "பேரன் என்னிடம் கேட்கவில்லையே" என்கிறார். வருகிறீர்களா என்று கேட்காதே, வரமாட்டேன் என்றால் நம்மிடம் வேறு வழி இல்லை. எந்த அறை வேண்டும், ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும், எந்தச் சாமானை விட்டுவர முடியாது என்று கேள். மர அலமாரியைக் கொண்டுவர வேண்டும் என்பார். சரி என்று சொல்லிவிடு. அது அந்த வீட்டின் வாசலில் நுழையுமா என்று அளந்துவிட்டுச் சொல். உயரம் ஆறே முக்கால் அடி, அகலம் நாலடி.

பெரியவள் உனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி உறையை ஒட்டிக் கொடுத்தாள். இதோடு சேர்த்து அனுப்புகிறேன், நான் பிரிக்கவில்லை. பதிலை அவள் பெயருக்கே எழுது, எனக்கு எழுதுகிற கடிதத்துக்குள் மடித்து வைக்காதே.

அன்புடன்,
அம்மா