செல்வி அத்தைக்கு: கடப்பிதழில் வேண்டாம், தனி நோட்டில் குத்துங்கள்

அன்புள்ள செல்வி அத்தைக்கு,

வணக்கம். சிங்கப்பூர் மரீனா பேயிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் உல்லாசக் கப்பலில் பேரனோடு கிளம்புகிறீர்கள். போகிற இடமெல்லாம் அவனுடைய கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) நினைவுக்காக ஒரு முத்திரை குத்தி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வியை வேறு பலரும் கேட்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

கடப்பிதழில் வேண்டாம் அத்தை. குடிநுழைவு அதிகாரி குத்துவதைத் தவிர வேறு எதுவும் அதில் விழக்கூடாது. பெருவின் மாச்சு பிச்சுவில் வாசலருகே சுற்றுலா நினைவு முத்திரை வைத்திருக்கிறார்கள். அண்டார்க்டிகாவின் போர்ட் லாக்ராயிலும் உண்டு. பயணிகள் ஆசையாகக் கடப்பிதழை விரித்து நீட்டுகிறார்கள். அங்கே யாரும் தடுக்கப் போவதில்லை. சிங்கப்பூருக்குத் திரும்பும்போதும் தானியங்கிக் குடிநுழைவுத் தடம் அந்தப் பக்கங்களைப் பார்க்காது. பிரச்சினை பிறகு வரும். வேறொரு நாட்டின் முகப்பிலோ விமான நிறுவனத்தின் முகப்பிலோ ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, அரசாங்கம் குத்தாத அடையாளத்தைப் பார்த்து, “இது சேதமான கடப்பிதழ்” என்று சொல்லிவிட்டால் அங்கே நின்று வாதாட முடியாது.

அதிகாரியிடமே கெஞ்சி நினைவுக்காக ஒரு நுழைவு முத்திரை வாங்குவதும் சரியில்லை. நுழைவு விழுந்து வெளியேற்றம் விழாவிட்டால், அடுத்த தடவை நாள் எண்ணிப் பார்ப்பவருக்கு நீங்கள் அங்கேயே தங்கிவிட்டது போலத் தெரியும்.

கப்பல் பயணத்தில் அதிகாரபூர்வ முத்திரையை நம்பவும் முடியாது. பல கப்பல்களில் ஏறியதும் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டு, பயணிகள் பட்டியலை வைத்து மொத்தமாக அனுமதி வாங்குகிறார்கள். ஊர் சுற்றப் போகும்போது கையில் இருப்பது கப்பல் அட்டைதான். (கடப்பிதழின் புகைப்படப் பக்கத்தை நகலெடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.) முத்திரை குத்தும் வழக்கமே குறைந்து வருகிறது. ஹாங்காங்கும் அதன் அருகிலுள்ள மக்காவ் நகரமும் 2013லேயே துண்டுச் சீட்டுக்கு மாறிவிட்டன. ஐரோப்பாவில் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபரில் மின்னியல் பதிவைத் தொடங்கின.

அதனால் தனி நோட்டு. கடப்பிதழின் பக்கம் 125 × 88 மில்லிமீட்டர். அதே அளவில் நோட்டுகள் கிடைக்கின்றன, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் என் ஓட்டு ஏ6 அளவுக்குத்தான் (148 × 105). ஜப்பானிய ரயில் நிலைய முத்திரைகளில் பல 6, 7 சென்டிமீட்டர் அகலம். சின்னப் பக்கத்தில் அவை விளிம்பை முட்டும், தேதி எழுத இடமிருக்காது. தாள் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிராம் இருக்கட்டும். சாதாரண 80 கிராம் தாளில் மை பின்பக்கம் தெரியும். வழவழப்பான தாள் இன்னும் மோசம், மை உறிஞ்சப்படாமல் மேலேயே நின்று எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். நூலால் தைத்து, விரித்தால் தட்டையாகக் கிடக்கும் நோட்டாகப் பாருங்கள். கம்பிச்சுருள் நோட்டு முத்திரையின் ஓரத்தில் இடிக்கும்.

குத்துவதில்தான் எல்லாரும் சொதப்புகிறார்கள். பக்கத்துக்கு அடியில் ஒரு அஞ்சலட்டையைச் செருகுங்கள், நோட்டின் மேடுபள்ளம் சமமாகும். முதலில் கழிவுத்தாளில் ஒன்று குத்திப் பாருங்கள். எது மேல்பக்கம், மை போதுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மைப்பெட்டியில் முத்திரையை அழுத்தித் தேய்க்காமல் நாலைந்து தடவை மெல்லத் தட்டுங்கள். பிறகு தாளில் நேராக வைத்து, அசைக்காமல், நான்கு மூலைக்கும் கையின் பாரம் போகும்படி அழுத்தி, நேராகவே தூக்குங்கள். பேரன் செய்யப்போவது இதுதான்: முன்னும் பின்னும் ஆட்டுவான், ஓரங்கள் இரட்டையாக விழும். அவன் கைமேல் உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள்.

குத்தியதும் நோட்டை மூடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை மேலே வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கப்பலுக்குத் திரும்பும்போது கையில் கிருமிநாசினி தெளிப்பார்கள். அந்த ஈரக்கையோடு பக்கத்தைத் தொட்டால் அதிலுள்ள ஆல்கஹால் மையைக் கரைத்துவிடும். ஊர், தேதி, நேரத்தைப் பென்சிலில் எழுதிவையுங்கள், பல நினைவு முத்திரைகளில் தேதியே இருக்காது. வீட்டுக்கு வந்தபின் நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு ஜிப் பையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மை நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும்.

எங்கே கிடைக்கும்? சுற்றுலா முத்திரை வைக்காத ஊரிலும் அஞ்சலகம் இருக்கும். ஆகக் குறைந்த விலையில் ஒரு அஞ்சல்தலை வாங்கி நோட்டில் ஒட்டி, அதன்மேல் தேதி முத்திரை போடச் சொல்லுங்கள். ஊர்ப்பெயரும் தேதியும் சேர்ந்து வரும். பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து டவுனிங் தெருத் தலைமை அஞ்சலகம் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை இறங்கினால் இது நடக்காது, பயண அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். புக்கெட்டில் கப்பல் பாத்தோங் கடலில் நங்கூரமிட்டால் சிறுபடகில்தான் கரைக்குப் போகவேண்டும். வரிசையிலேயே நேரம் போய்விடும், அங்கே அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கப்பலின் முத்திரையையும் வரவேற்பு முகப்பில் கேட்டுப் பாருங்கள், சில கப்பல்களில் போட்டுத் தருவார்கள். கடலில் கழியும் நாளின் மதியத்தில் கேளுங்கள். இறங்கும் காலையில் கேட்டால் முறைப்பார்கள்.

பின்னால் என்றாவது அலாஸ்கா போனால் இந்த நோட்டு இன்னும் பயன்படும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கென்றே 1986 முதல் ஒரு முத்திரைப் புத்தகம் இருக்கிறது. அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவில் பூங்கா அதிகாரிகளே கப்பலில் ஏறி வருவார்கள், முத்திரையும் அவர்களோடு வரும். அது மேசையில் இருப்பது கொஞ்ச நேரம்தான், கப்பல் அறிவிப்பைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். நோட்டு அதற்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும். மறுநாள் காலை இறங்கக் காத்திருக்கும் நேரத்தில் பேரன் உட்கார்ந்து ஊர்ப்பெயர்களை எழுதி முடிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்