எங்கள் டோஸ் அறிக்கை எங்கள் கைக்கு வர வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்னையில் தனியார் மருத்துவமனைகளில் ரேடியோகிராபராக வேலை பார்த்து வருகிறேன். எக்ஸ்ரே, சி.டி., ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே உடலின் உள்ளே திரையில் காட்டும் எக்ஸ்ரே கருவி) எல்லாம் எங்கள் பொறுப்பு. நாங்கள் நெஞ்சில் குத்தியிருக்கும் பிளாஸ்டிக் பேட்ஜை அடையாள அட்டை என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் பெயர் டி.எல்.டி. பேட்ஜ். உள்ளே மூன்று சின்ன வட்டத் தகடுகள் இருக்கும். எங்கள் மேல் பட்ட கதிர்வீச்சை அவை சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் அவற்றைச் சூடாக்கி, வெளிவரும் ஒளியை அளந்து, யாருக்கு எத்தனை மில்லிசீவர்ட் டோஸ், அதாவது உடலில் பட்ட கதிர்வீச்சு எவ்வளவு, என்று அறிக்கை தருவார்கள்.

அந்த அறிக்கை அலுவலக ஃபைலோடு நின்றுவிடுகிறது. கேட்டால், "எல்லாம் நார்மல்தாம்மா" என்கிறார்கள். நார்மல் என்றால் எவ்வளவு? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஐந்தாண்டுக் கணக்கு பார்க்க வேண்டுமானால் பழைய பதிவும் கூடவே வர வேண்டுமே! எங்கள் தொழிலில் ஒரே இடத்தில் ஐந்தாண்டு இருப்பவர்கள் குறைவு. சம்பளம் கொஞ்சம் கூடினால் அண்ணா நகரை விட்டு வேளச்சேரிக்குப் போய்விடுவோம். புது இடத்தில் பழைய டோஸ் பதிவைக் கேட்பதில்லை, பழைய இடத்தில் தானாகக் கொடுப்பதும் இல்லை. ஊழியருக்கு ஆண்டுதோறும், அவர் கேட்கும்போது, வேலையை விட்டுப் போகும்போது பதிவைக் கொடுக்க வேண்டும் என்கின்றன 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள். புதிதாக வேலைக்கு எடுப்பவர் முந்தைய நிர்வாகத்திடம் அதைக் கேட்டு வாங்கவும் வேண்டும்.

கையில் அறிக்கை இருந்தால் தவறான அளவும் உடனே தெரிந்துவிடும். தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்து பேட்ஜை டிராயரில் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரீடிங் பூஜ்யம்தான் வரும். கதிரைத் தடுக்க நாங்கள் போட்டுக்கொள்ளும் லெட் (ஈய) ஏப்ரானோடு சேர்த்து எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போனாலோ, படாத கதிரெல்லாம் பட்டதாகக் காட்டும். கர்ப்பமான பெண் ஊழியர் அதைத் தெரிவித்த பிறகு, வயிற்றுக் குழந்தைக்கு மீதிக் காலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. அவளுக்கு இந்தப் பூஜ்யத்தை நம்பியா வேலை ஒதுக்குவது?

பேட்ஜே இல்லாதவர்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. தொடை எலும்பு முறிந்தவருக்கு சி-ஆர்மில் பார்த்தபடி நெயில் (எலும்புக்குள் செலுத்தும் உலோகக் கம்பி) போடும்போது காலை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு வார்டு உதவியாளர் நிற்பார். நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் முதலில் அவர் மேல்தான் விழும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால் பங்காகக் குறையும் என்பது எனக்குத் தெரியும், நான் தள்ளி நிற்கிறேன். அவர் நகர்ந்தால் எலும்பு விலகிவிடும். நான் வேலை பார்த்த சில இடங்களில் அவருக்கு ஏப்ரான் மிஞ்சினால் உண்டு, பேட்ஜ் கிடையாது. அவர் மேல் எவ்வளவு பட்டது என்று எந்த ஏட்டிலும் இருக்காது.

வாரியத்தின் தென் மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் ஃபைலைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு காலாண்டு ரீடிங்குக்கு எதிரிலும் அந்த ஊழியரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தியேட்டர் பதிவேட்டை வாங்கி, சி-ஆர்ம் ஓடிய நாட்களில் உள்ளே நின்ற சிஸ்டர், வார்டு உதவியாளர் பெயர்களெல்லாம் பேட்ஜ் பட்டியலில் இருக்கின்றனவா என்றும் ஒப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோகிராபர்,
வில்லிவாக்கம், சென்னை.