சர்வர் டிஸ்க் விரிவாக்கம்: ஞாயிறு இரவு 10 மணி

அனைவருக்கும் வணக்கம். நம் பள்ளிப் புகைப்படங்கள் உள்ள சர்வரில் டிஸ்க் 92% நிரம்பிவிட்டது. வரும் ஞாயிறு (15ஆம் தேதி) இரவு 10 மணிக்கு 50 ஜிபியை 100 ஜிபி ஆக்குகிறோம். சர்வரை நிறுத்தப்போவதில்லை, தளம் வழக்கம்போல் திறக்கும்.

எல்லோரும்:
1. இரவு 9:30 முதல் 11 வரை படங்கள் ஏற்ற வேண்டாம். ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அந்நேர நிலையின் நகல்) எடுத்த பிறகு ஏற்றியவை, பழைய நிலைக்குத் திரும்ப நேர்ந்தால் போய்விடும்.
2. அதற்கு முன் பெரிய வீடியோ எதையும் ஏற்றாதீர்கள். டிஸ்க் 100% நிரம்பினால் தற்காலிகக் கோப்பு எழுத இடமில்லாமல், பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) பெரிதாக்கும் குரோபார்ட் (growpart) கட்டளையே தோற்கும்.

அட்மின் அனுமதி உள்ளவர்கள்:
3. வரிசை: ஸ்னாப்ஷாட், கிளவுட் பேனலில் வால்யூமை (சர்வரின் டிஸ்கை) கூட்டுதல், குரோபார்ட், ஃபைல்சிஸ்டத்தை (கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பை) பெரிதாக்கும் ரீசைஸ்2எஃப்எஸ் (resize2fs).
4. பேனலில் கூட்டியதும், ஃபைல்சிஸ்டத்தின் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளை பழைய அளவையே காட்டும். பதற வேண்டாம், பார்ட்டிஷனும் ஃபைல்சிஸ்டமும் தனித்தனியாக வளர வேண்டும். டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே-யில் (lsblk) டிஸ்க் அளவு 100 ஜிபி என்று தெரிந்தால் போதும், தொடரலாம்.
5. குரோபார்ட்டில் டிஸ்க் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவே இடைவெளி கட்டாயம்.
6. அளவை இருமுறை சரிபாருங்கள். நம் ஃபைல்சிஸ்டமான இஎக்ஸ்டி4-ஐ (ext4) ஓட்டத்திலேயே பெரிதாக்கலாம், சுருக்க அன்மவுண்ட் செய்தே (பயன்பாட்டிலிருந்து கழற்றியே) ஆக வேண்டும்.

அன்று இரவு உடனிருக்கக்கூடிய அட்மின்கள் இருவர் தேவை. வெள்ளிக்குள் இங்கேயே பதில் தாருங்கள். மற்றவர்கள் 'பார்த்தேன்' என்று போட்டால் போதும்.