தாகம் எடுத்தால் மட்டும் குடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரத்தான் பயிற்சி பற்றிய கட்டுரையில் ‘தாகம் எடுக்கும் முன்பே குடித்துக்கொண்டே இருங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கவலையாகிவிட்டது. நான் செவிலியர். பந்தயங்களில் முதலுதவிக் கூடாரத்தில் நிற்பவள், மெதுவாக ஓடுபவளும்கூட.

42.195 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிக்க எங்களுக்கு நேரம் இருக்கிறதே! வியர்வையில் போவதைவிட அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் உள்ள உப்புச்சத்தான சோடியம் நீர்த்துப்போகும். இரத்தப் பரிசோதனையில் அது லிட்டருக்கு 135 மில்லிமோல் என்ற அளவுக்குக் கீழே போனால் குறைவு; மிகவும் இறங்கினால் மூளை வீங்கும், உயிரே போகலாம். தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் எல்லாம் நீர்வறட்சி மாதிரியே தெரியும். பக்கத்தில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு இன்னொரு பாட்டிலை நீட்டுவார். எனக்கு அதுதான் பெரிய பயம். விளையாட்டு பானமும் அளவு மீறினால் இதையேதான் செய்யும்.

நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அடுத்த கட்டுரையில் இதைத் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓடும் செவிலியர் ஒருவர்